நான்கு குரல், ஐந்து ஆள்: காஸ்பெல் குவார்ட்டெட் எப்படி எண்பது வருடம் தாங்குகிறது?

குவார்ட்டெட் என்றால் நால்வர். ஆனால் ஒரு காஸ்பெல் குவார்ட்டெட் மேடை ஏறும்போது தலைகளை எண்ணினால் ஐந்து இருக்கும், சில சமயம் ஆறு. கிட்டாரும் டிரம்ஸும் வாசிப்பவர்கள் தனி. இவர்கள் எண்ணுவது ஆட்களை இல்லை, குரலுக்கான இடங்களை. லீட், டெனர், பாரிட்டோன், பேஸ் என்று நான்கு இடம். எந்த நேரத்திலும் இந்த நான்கும் நிரம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். அமெரிக்கக் கறுப்பினத் தேவாலய இசையில் ஒரே பெயரில் ஒரு குழு எண்பது, தொண்ணூறு வருடம் ஓடுவது எப்படி என்று வியப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இதுதான்.

நாஷ்வில் நகரில் ஃபேர்ஃபீல்ட் ஃபோர் 1921-ல் தொடங்கியது. தென் கரோலினாவின் கிரீன்வில்லில் டிக்ஸி ஹம்மிங்பேர்ட்ஸ் 1928-ல். அந்தக் குழுவில் 1938-ல் பதின்மூன்று வயதில் சேர்ந்த ஐரா டக்கர், 2008-ல் இறக்கும்வரை எழுபது வருடம் லீட் பாடினார். இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்வது அலபாமாவின் பிளைண்ட் பாய்ஸ். பார்வையற்றோர் பள்ளியில் 1939-ல் கூடிய சிறுவர்கள். அந்தக் குழு இன்றும் ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருக்கிறது. ஆரம்பித்தவர்களில் ஒருவர்கூட இன்று மேடையில் இல்லை.

முதலில் ஒரு சின்னத் தெளிவு. ‘ஸ்பிரிச்சுவல்’ என்பது அடிமைக் காலத்தில் வாய்வழியாக உருவான பாட்டு. எழுதியவர் பெயர் தெரியாது. 1871-ல் ஃபிஸ்க் பல்கலைக்கழக மாணவர்கள் கல்லூரிக்குப் பணம் திரட்ட ஊர் ஊராகப் போய்ப் பாடித்தான் அது மேடைக்கு வந்தது. ‘காஸ்பெல்’ என்பது பிறகு, இருபதாம் நூற்றாண்டில், எழுதியவர் பெயரோடு, அச்சிட்டு விற்கப்பட்ட பாட்டு. சிகாகோவில் தாமஸ் டோர்சி 1930-களில் அதற்கு ஒரு தொழில் வடிவமே கொடுத்தார். குவார்ட்டெட்டுகள் இரண்டையும் பாடின. ஆகவே ஒரு குழுவின் பெயரில் ‘ஜூபிலி’ என்று இருந்தால், அது ‘ஃபிஸ்க் ஜூபிலி சிங்கர்ஸ்’ என்ற அந்த மாணவர் குழுவின் பெயரிலிருந்து வந்த வழக்கு என்று ஊகித்துக்கொள்ளலாம்.

நான்கு இடங்கள்

வீட்டில் கீபோர்டு இருந்தால் இதை இரண்டு நிமிடத்தில் கேட்டுவிடலாம். சங்கராபரணத்தின் ச, க, ப, மேல் ச ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். கீழே உள்ள ச பேஸின் குரல். க பாரிட்டோன். ப லீட். மேல் ச டெனர். இப்போது க-வை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் அழுத்துங்கள். சத்தம் குறைந்ததாகத் தெரியாது, ஆனால் உள்ளே குழியாக இருக்கும். மேஜரா மைனரா, மகிழ்ச்சியா துக்கமா என்று சொல்லும் சுரம் அதுதான். சபையில் யாரும் பாரிட்டோன்காரரைக் கவனிக்க மாட்டார்கள்; அவர் ஒரு நாள் வராவிட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரியும். (எல்லாப் பாட்டிலும் க இவரிடம்தான் இருக்கும் என்றில்லை. மற்ற மூவரும் விட்ட சுரம் எதுவோ அதை எடுப்பது இவர் வேலை. அதனால்தான் இவருடைய வரியைத் தனியாகப் பாடிக் கேட்டால் மெட்டே இல்லாதது போல, தத்தித் தத்தித் தாவும்.)

பேஸ் வெறும் கீழ்ச் சுரம் மட்டுமில்லை. வாத்தியம் இல்லாத காலத்தில் அவர்தான் டிரம்மும், பேஸ் கிட்டாரும். ‘பூம்’ என்று ஒவ்வொரு அடிக்கும் தள்ளிக்கொடுப்பார். மற்றவர்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஓடிப்போய் ஒரு சின்ன இறக்கம் போட்டுவிட்டுத் திரும்புவார். டெனர் மேலே, பல நேரம் கள்ளக்குரலில், பட்டுநூல் மாதிரி ஓடும். லீட் கதை சொல்லும்.

அப்படியானால் ஐந்தாவது ஆள் எதற்கு? பழைய முறையில் லீட் பாடுபவர் மெட்டைவிட்டு விலகினால் நான்கு குரலில் ஒன்று காலியாகிவிடும். பின்பாட்டில் மூவர்தான் மிஞ்சுவார்கள், அடுக்கு உடையும். டெக்சாஸில் தொடங்கி சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த சோல் ஸ்டிரர்ஸ் குழு இதற்கு ஒரு வழி செய்தது. 1937-ல் அங்கே சேர்ந்த ஆர்.எச். ஹாரிஸின் காலத்தில் இரண்டு லீட் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. ஒருவர் முன்னால் போய் இஷ்டம்போல் சுற்றும்போது, மற்றவர் பின்னால் நின்று நான்காவது குரலைக் காப்பார். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் இடம் மாற்றிக்கொள்வார்கள். இதற்கு ‘ஸ்விங் லீட்’ என்று பெயர். மேடையில் ஐந்து பேர், பின்பாட்டில் எப்போதும் நால்வர். பிற்காலக் காஸ்பெல் குவார்ட்டெட் எல்லாமே இந்த ஏற்பாட்டின் மேல் கட்டியது.

தலடேகா

அலபாமாவின் பர்மிங்ஹாம் அன்று இரும்பு ஆலைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் நிறைந்த நகரம். அதைச் சுற்றிய தொழிலாளர் குடியிருப்புகளில் குவார்ட்டெட் என்பது ஒரு பைத்தியம். இளைஞர்களுக்குக் குரல் பிரித்துக் கற்றுக்கொடுக்கும் குவார்ட்டெட் வாத்தியார்களே இருந்தார்கள். அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் கிழக்கே தலடேகா. கறுப்பினக் குழந்தைகளுக்கென்று அங்கே தனியாக ஒரு காதுகேளாதோர், பார்வையற்றோர் பள்ளி இருந்தது. நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த மாநிலம். அங்கே படித்த கிளாரன்ஸ் ஃபவுண்டன், ஜார்ஜ் ஸ்காட், ஜானி ஃபீல்ட்ஸ், ஆலிஸ் தாமஸ், வெல்மா ட்ரெய்லர் (பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைக்க வேண்டாம்) முதலியோர் 1939-ல் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். வானொலியில் கோல்டன் கேட் குவார்ட்டெட்டைக் கேட்டு அதே மாதிரி பாடிப் பார்த்ததுதான் அவர்களுக்குப் பாடசாலை. முதலில் வைத்த பெயர் ஹேப்பி லேண்ட் ஜூபிலி சிங்கர்ஸ்.

1944 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமின் டபிள்யூ.எஸ்.ஜி.என். வானொலியில் பாடினார்கள். மறுவருடம் பள்ளியைவிட்டு வெளியேறி முழுநேரமாகச் சாலையில் இறங்கினார்கள்.

அன்று அவர்கள் பாடியது ஜூபிலி பாணி. வாத்தியம் கிடையாது. வேகமான தாளம், கடித்துத் துப்பியது போல நறுக்கென்ற உச்சரிப்பு, நான்கு குரலும் ஒரே கனம். பைபிள் கதை ஒன்றைப் பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும் லீட் ஓட்டிக்கொண்டுபோக, மற்றவர்கள் அர்த்தமில்லாத அசைகளை ரயில் சக்கரம் மாதிரி திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். கேட்க விளையாட்டாக இருக்கும். ஆனால் ஒருவர் கால் மாத்திரை பிந்தினாலும் சக்கரம் தடம்புரளும்.

இங்கே பார்வையற்றவர்களுக்கு ஒரு கேள்வி வரும். மற்ற குழுக்களில் லீட் தலையை ஆட்டுவார், கையைக் காட்டுவார், பின்பாட்டு நின்றுவிடும். கண்ணே இல்லாமல் எப்படி ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக நிறுத்துவது? மூச்சுதான் வழி. பாடத் தொடங்குமுன் லீட் இழுக்கும் மூச்சின் நீளமே பாட்டின் வேகம். சிறு மூச்சென்றால் துரிதம், நிதானமாக இழுத்தால் விளம்பம். அது காதில் விழ வேண்டுமானால் நெருங்கி நிற்க வேண்டும். மேடைக்கு வருவதும் அப்படியே: முன்னால் போகிறவர் தோளில் பின்னால் வருகிறவர் கை, அவர் தோளில் அடுத்தவர் கை. பிளைண்ட் பாய்ஸ் மேடையேறுவதைப் பார்த்த யாருக்கும் அந்த வரிசை மறக்காது.

நூவர்க்கில் ஒரு போட்டி

1947-ல் துப்பாக்கி விபத்தொன்றில் வெல்மா ட்ரெய்லர் இறந்தார். குழுவில் காலியான முதல் இடம். பால் எக்ஸ்கானோ என்ற போதகர் வந்து சேர்ந்தார். 1948-ல் வந்த முதல் இசைத்தட்டில் அவர் குரல்தான் லீட். ஒரு வருடத்துக்குள் ஆள் மாறி, இசைத்தட்டும் வந்துவிட்டது. துக்கம் தனி, இடம் தனி என்று எடுத்துக்கொண்டதால்தான் இந்தக் குழுக்கள் பிழைத்தன. கேட்பதற்குக் கொஞ்சம் கல்நெஞ்சமாகத் தோன்றலாம்.

அதே 1948-ல் நியூ ஜெர்சியின் நூவர்க் நகரில் நிகழ்ச்சி நடத்திய ஒருவருக்கு ஒரு யோசனை வந்தது. மிசிசிப்பியின் பைனி வுட்ஸ் பள்ளியிலிருந்தும் இதேபோல் ஒரு பார்வையற்றோர் குழு வந்திருந்தது, ஆர்ச்சி பிரவுன்லீ என்ற பெரும் பாடகரின் தலைமையில். இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றி, ‘பிளைண்ட் பாய்ஸ்களின் போர்’ என்று விளம்பரம் செய்தார். கூட்டம் வந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது. அன்று முதல் ஒன்று மிசிசிப்பி பிளைண்ட் பாய்ஸ், மற்றது அலபாமா பிளைண்ட் பாய்ஸ். பழைய தட்டுகளைத் தேடுகிறவர்கள் மாநிலப் பெயரைப் பார்க்காமல் வாங்கினால் வேறு குழுவைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். இன்றும் இணையத்தில் நடக்கும் குழப்பம் இது.

இப்படியான போட்டிகள் பாடும் முறையையே மாற்றின. எதிரணி சபையை எழுப்பி நிறுத்திவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் அதைவிட எழுப்ப வேண்டும். நறுக்குத் தெறித்த ஜூபிலி போதவில்லை. கத்தல், உறுமல், திடீரென்று உச்சஸ்தாயியில் ஒரு கீச்சு, முழங்காலில் விழுவது, மேடையைவிட்டு இறங்கி நாற்காலிகளுக்கு நடுவே ஓடுவது எல்லாம் வந்தன. இதுதான் ‘ஹார்ட் காஸ்பெல்’. ஃபவுண்டனின் கனத்த குரல் இதற்கென்றே செய்தது. கிட்டாரும் பிறகு டிரம்ஸும் உள்ளே வந்ததும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான்.

ஹார்ட் காஸ்பெல் பாட்டு இரண்டு பாகம். முதல் பாகத்தில் எழுதிய பாட்டு, நிதானமாக, சரணம் சரணமாக வரும். பிறகு ஓரிடத்தில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் அடுக்கு) மாறுவது நின்றுவிடும். ஒன்றோ இரண்டோ கார்டுதான், திரும்பத் திரும்ப. பின்பாட்டும் இரண்டு மூன்று சொல்லைப் பிடித்துக்கொண்டு அதையே சுற்றும். இதற்கு ‘டிரைவ்’ என்பார்கள். நம் ஊர் நிரவலைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே வரி மாறாமல் நிற்பது பின்பாட்டில்; அதன் மேல் லீட் பிரசங்கம் செய்யலாம், அழலாம், தாயைப் பற்றிச் சொல்லலாம், சபையில் ஒருவரை அழைக்கலாம். நேரக் கணக்கே கிடையாது. 78 ஆர்.பி.எம். இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும் என்பதால், 1950-களின் பதிவுகளில் டிரைவ் தொடங்கி சூடேறும்போதே ஊசி தட்டின் கடைசிக்கு வந்துவிடும். தட்டை மட்டும் கேட்டுவிட்டு ‘இதற்கா மயங்கி விழுந்தார்கள்?’ என்று கேட்பவர்கள், பாட்டின் முன்பாதியை மட்டும் கேட்டவர்கள்.

எங்கே தவறும்?

வாத்தியம் இல்லாமல் பாடும்போது முதல் எதிரி சுருதி இறங்குவது. மூன்று நிமிடப் பாட்டில் அரை சுரம் இறங்கிவிட்டிருக்கும், பாடியவர்களுக்கே தெரியாது; முடித்ததும் சுருதி தரும் சிறு ஊதியான பிட்ச் பைப்பை ஊதிப் பார்த்தால்தான் தெரியும். வழக்கமான காரணம், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடுவது. பின்பாட்டுக்காரர்கள் அதைத்தானே செய்கிறார்கள்? ஒவ்வொரு முறையும் மூச்சின் பலம் ஒரு நூல் குறையும், சுரமும் ஒரு நூல் இறங்கும். பாரிட்டோனின் காந்தாரம் தளர்ந்தால் மொத்த அடுக்கும் அதோடு சாயும். மருந்து, மூச்சு தீரும்வரை காத்திராமல் முறைவைத்து மூச்சு வாங்குவதும், ஒவ்வொரு தடவையும் அந்தச் சுரத்தை முதல் தடவை பாடுவதுபோல் எடுப்பதும்தான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. குரல்கள் தாமாக ஒன்றோடொன்று இழையும்போது ச, க, ப மூன்றும் 4:5:6 என்ற அதிர்வு விகிதத்தில் போய் நிற்கும். கீபோர்டின் க அதைவிட ஏறக்குறைய 14 சென்ட் உயரம் (ஒரு அரைச் சுரத்துக்கு 100 சென்ட்). வாத்தியமில்லாமல் வருடக்கணக்காகப் பாடியவர்கள் ஆர்கனோடு பாட வந்தால் காந்தாரம் உரசும். தவறு யாருடையதும் இல்லை. ஆனால் பாடுகிறவர்தான் வழிவிட வேண்டும், ஆர்கன் விடாது.

அடுத்தது குரல் ஆட்டம். தனியாகப் பாடும்போது அழகாக இருக்கும் பெரிய வைப்ரேட்டோ, நான்கு பேருக்கு நடுவே கார்டையே கலக்கிவிடும். தேர்ந்த தனிப்பாடகர் ஒருவரைக் கூட்டிவந்து பின்பாட்டில் நிறுத்தினால் பெரும்பாலும் தோல்விதான். ‘வவல்’ எனப்படும் உயிரெழுத்து ஒலி பொருந்தாவிட்டாலும் அப்படியே. ஒருவர் ‘ஆ’ என்று வாயைத் திறக்க, மற்றவர் அதையே ‘ஓ’ பக்கம் சாய்த்தால் சுருதி சரியாக இருந்தும் சேராதது போலக் கேட்கும். சி.எஸ்.ஐ. கொயரில் நின்றவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்.

ஒரே மைக் வைத்த காலத்தில் ஒலியைச் சமன் செய்ய வேறு கருவி கிடையாது, கால்தான். கீழ்ச்சுரம் காதுக்கு மெலிதாகவே கேட்கும் என்பதால் பேஸ் மைக்குக்கு அருகில்; டெனர் ஓரடி தள்ளி. லீட் கத்தப் போகிறார் என்றால் அவரே பின்வாங்குவார்.

மறுத்ததும் திரும்பி வந்ததும்

1953-ல் அலபாமா பிளைண்ட் பாய்ஸ் லாஸ் ஏஞ்சலஸின் ஸ்பெஷால்டி இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடத் தொடங்கினார்கள். சோல் ஸ்டிரர்ஸும் அங்கேதான். அவர்களுடைய லீட் சாம் குக் 1957-ல் காஸ்பெலைவிட்டுச் சினிமாப் பாட்டுப் போன்ற பாப் பக்கம் போய்ப் பெரும் புகழ் பெற்றார். அதே அழைப்பு தங்களுக்கும் வந்ததாகவும், மறுத்துவிட்டதாகவும் ஃபவுண்டன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மறுத்ததற்கு விலை இருந்தது. 1960-களில் சோல் இசை, காஸ்பெலின் குரலையும் டிரைவையும் எடுத்துக்கொண்டு, காதலைப் பாடி, இளைஞர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. 1969-ல் ஃபவுண்டனே தனியாகப் பாடப் போனார். 1970-களின் கடைசியில் திரும்பி வந்தார்.

மீட்டது ஒரு கிரேக்க நாடகம் என்றால் நம்பக் கடினம். கண்ணிழந்த ஈடிபஸ் மன்னனின் கடைசி நாட்களைக் கறுப்பினத் தேவாலய ஆராதனையாக மாற்றி, ‘தி காஸ்பெல் அட் கொலோனஸ்’ என்ற பெயரில் 1983-ல் புரூக்ளினில் மேடையேற்றினார்கள். ஈடிபஸாக ஃபவுண்டனும் பிளைண்ட் பாய்ஸும் சேர்ந்தே பாடினார்கள். ஒரே பாத்திரம், ஐந்து தொண்டை. 1988-ல் அது பிராட்வேக்கும் போனது. அதுவரை சபை மக்களுக்கு மட்டும் தெரிந்திருந்த குழுவை முதன்முறையாக நாடகக் கொட்டகைக்காரர்கள் கேட்டார்கள்.

2001-ல் ரியல் வேர்ல்ட் நிறுவனம் வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு வேலை செய்தார்கள். எளிய வேலைதான், ஆனால் காது கூர்மையானவர்களுக்கு விருந்து. ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டின் சொற்களை, ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ என்ற நாட்டுப்பாடலின் மெட்டில் வைத்துப் பாடினார்கள். எப்படிப் பொருந்தியது? முதல் வரியை விரலில் எண்ணுங்கள்: அ-மே-சிங்-கிரேஸ்-ஹவ்-ஸ்வீட்-த-சவுண்ட், எட்டு அசை. இரண்டாம் வரி ஆறு. பிறகு மறுபடி எட்டு, ஆறு. அந்த நாட்டுப்பாடலும் அதே 8, 6, 8, 6 கணக்கு. பாமாலைப் புத்தகத்தோடு பழகியவர்களுக்கு இது புதிதில்லை; அளவு ஒத்துப்போனால் ஒரு பாட்டை இன்னொன்றின் ராகத்தில் பாடலாம். ஆனால் விளைவைப் பாருங்கள். வழக்கமான மெட்டு ஏறக்குறைய நம் மோகனச் சுரங்கள், வெளிச்சமானது. இது மைனர். கெட்டுப்போன வாழ்வைப் பற்றிய ஒரு புலம்பலின் மெட்டில் மீட்பின் சொற்கள் வந்து உட்காரும்போது, ‘என்னைப் போன்ற ஈனனை’ என்ற இடம் வெறும் மரியாதைப் பேச்சாக இல்லாமல் நிஜமாகவே கேட்கிறது. அந்த ஆல்பத்துக்கு 2002-ல் கிராமி கிடைத்தது; அதிலிருந்து 2005 வரை வருடத்துக்கு ஒன்றாகத் தொடர்ந்து நான்கு, கடைசியது பாடகர் பென் ஹார்ப்பரோடு சேர்ந்து பாடியதற்கு.

ஜார்ஜ் ஸ்காட் 2005-லும், ஃபவுண்டன் 2018-லும் மறைந்தார்கள். தலடேகாப் பள்ளியில் சிறுவனாக இவர்களோடு பாடி, வேறு குழுக்களில் இருந்துவிட்டுப் பிற்பாடு வந்து சேர்ந்த ஜிம்மி கார்ட்டர் (ஜனாதிபதி இல்லை) வெகுகாலம் முன்னால் நின்றார். ஒருவர் கைபிடித்து அழைத்துப்போக, சபைக்கு நடுவே பாடியபடியே நடப்பார். அவர் 2023-ல் ஓய்வு பெற்றார். இப்போது தலைமை ரிக்கி மெக்கின்னி. இருபத்து மூன்று வயதில் கிளாக்கோமாவால் பார்வை இழந்தவர், 1989-ல் குழுவுக்கு டிரம்ஸ் வாசிக்க வந்தவர். பின்வரிசையில் தாளம் போட்டவர் முன்வரிசைக்கு வர இத்தனை வருடம் ஆனதில் ஒரு லாபம் உண்டு: எந்தப் பாட்டில் எந்த இடம் எப்போது நிரம்ப வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் ஒரே பாட்டை நான்கு முறை கேளுங்கள். முதல் தடவை பேஸை மட்டும். அவர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று பிடிபட்டுவிட்டால் இரண்டாம் தடவை டெனர், மூன்றாம் தடவை லீட். பாரிட்டோனைக் கடைசியில் தேடுங்கள். முதல் நாளே கிடைக்காவிட்டால் பரவாயில்லை. தொடங்க நல்ல இடம், கார்ட்டர் ஓய்வு பெற்ற அதே 2023-ல் வந்து, மறுவருடம் கிராமி வாங்கிய ஆல்பம். அதன் பெயர் ‘எக்கோஸ் ஆஃப் தி சவுத்’. 1944-ல் பர்மிங்ஹாம் வானொலியில் அந்தச் சிறுவர்கள் பாடிய நிகழ்ச்சிக்கும் அதே பெயர்தான்.